எபிரெய ராஜாக்களைப் படிக்க ஒரு நோட்டும் மூன்று கட்டமும்

பைபிளை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். ஒன்று லேவியராகமம். அதைத் தாண்டிவிட்டால் அடுத்தது 1 இராஜாக்கள் 12-ஆம் அதிகாரம். சாலொமோன் இறந்து, நாடு இரண்டாகப் பிளந்து, வடக்கே இஸ்ரவேலில் ஒரு ராஜா, தெற்கே யூதாவில் ஒரு ராஜா என்று வரிசை கட்டி வர ஆரம்பிக்கும் இடம் அது. நானும் அங்கேதான் மாட்டினேன். சமாரியாவில் யோராம் என்று ஒருவன் ஆள்கிறான், அதே சமயம் எருசலேமிலும் யோராம் என்று ஒருவன் ஆள்கிறான், போதாததற்கு இரண்டு வீட்டுக்கும் பெண் கொடுத்த சம்பந்தம் வேறு. அகசியா இரண்டு பேர், யோவாஸ் இரண்டு பேர், யெரொபெயாம் இரண்டு பேர். இரண்டு தடவை பாதியில் மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாவது தடவை ஒரு நோட்டு போட்டுப் படித்தேன். அப்போதுதான் பிடிபட்டது. அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். இதற்கு எபிரெயு தெரிய வேண்டியதில்லை, நம்பிக்கை உள்ளவராகவோ இல்லாதவராகவோ இருக்க வேண்டும் என்றும் இல்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும், நிஜமாகவே.

படி 1: எந்தெந்தப் புத்தகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்

முதல் ராஜா சவுலில் தொடங்கி, பாபிலோனியர் யூதா மக்களை நாடுகடத்திய பாபிலோன் சிறையிருப்புவரை உள்ள கதை 1, 2 சாமுவேல், 1, 2 இராஜாக்கள் ஆகிய நான்கு புத்தகங்களில் இருக்கிறது. அதே கதையை வேறொரு கை திரும்ப எழுதியதுதான் 1, 2 நாளாகமம். கத்தோலிக்கர்கள் பயன்படுத்தும் பொது மொழிபெயர்ப்பில் இவை 'அரசர்கள்', 'குறிப்பேடு' என்று வரும், சாலொமோன் அங்கே சாலமோன் ஆகிவிடுவார், குழம்ப வேண்டாம்.

யூதர்களின் வேதமான தனாக்கில் இந்த அடுக்கே வேறு. சாமுவேலும் இராஜாக்களும் அங்கே 'வரலாற்று நூல்' வரிசையில் இல்லை, தீர்க்கதரிசிகள் என்ற பகுதியில் இருக்கின்றன. நாளாகமமோ பெரும்பாலான பதிப்புகளில் தனாக்கின் கடைசிப் புத்தகம். எபிரெய மூலத்தைப் பார்க்க ஆசையிருந்தால் செஃபாரியா என்ற தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆனால் தொடக்கத்தில் அவசியமில்லை. நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்கள் வெறும் வம்சப் பட்டியல். கூசாமல் தாண்டுங்கள்.

படி 2: நோட்டில் கோடு போடுங்கள்

நோட்டை விரித்து வைத்தால் இரண்டு பக்கம் தெரியும். இடது பக்கம் யூதா, வலது பக்கம் இஸ்ரவேல். ஒவ்வொரு ராஜாவுக்கும் மூன்று கட்டம்: இராஜாக்கள் புத்தகம் என்ன சொல்கிறது, நாளாகமம் என்ன சொல்கிறது, வெளியே கிடைத்த கல்வெட்டோ களிமண் பலகையோ என்ன சொல்கிறது. மூன்றாவது கட்டம் பல பேருக்கு காலியாகவே இருக்கும். இஸ்ரவேல் ராஜாக்களுக்கு இரண்டாவது கட்டமும் பெரும்பாலும் காலிதான், ஏனென்றால் நாளாகமக்காரருக்கு வடக்கு ராஜ்யம் ஒரு பொருட்டே இல்லை, யூதாவோடு சண்டையோ சம்பந்தமோ வந்தால்தான் அவர்களைத் தொடுவார்.

படி 3: அறிமுக வாக்கியத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இராஜாக்கள் புத்தகத்தில் ஒவ்வொருவரும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் வருவார்கள். பக்கத்து நாட்டு ராஜாவின் இத்தனையாம் வருஷத்தில் இவன் ராஜாவானான், இத்தனை வருஷம் ஆண்டான், யூதா ராஜாவாக இருந்தால் தாயின் பெயர் இன்னது, பிறகு தீர்ப்பு. "கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாப்பானதைச் செய்தான்" என்ற வரி வலது பக்கத்தில் ஏறக்குறைய எல்லோருக்கும் விழும். கடைசியாக, மற்றதெல்லாம் ராஜாக்களின் நாளாகமப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று ஒரு வரி. அது நம் கையில் இருக்கும் நாளாகமம் இல்லை. அது தொலைந்துபோன அரண்மனைப் பதிவேடு.

அந்தத் தீர்ப்பை வைத்து ஒரு ராஜா எவ்வளவு பெரிய ஆள் என்று எடை போட்டுவிடாதீர்கள். உம்ரியைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 16-இல் அவனுக்குக் கிடைத்தது ஆறே வசனம். சமாரியா மலையை விலைக்கு வாங்கினான், நகரம் கட்டினான், பொல்லாதவன், செத்தான், அவ்வளவுதான். ஆனால் அசீரியர்கள் அவன் வம்சமே கவிழ்ந்த பிறகும் அந்த நாட்டை 'உம்ரியின் வீடு' என்றே தங்கள் கல்வெட்டுகளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். யோர்தானில் உள்ள தீபானில் 1868-இல் கிடைத்த மோவாப் ராஜா மேசாவின் கல்லிலும், உம்ரி எங்களை ஒடுக்கினான் என்று இருக்கிறது. இராஜாக்களை எழுதியவருக்குப் படையும் கோட்டையும் முக்கியமில்லை. எங்கே கும்பிட்டாய், யாரைக் கும்பிட்டாய் என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி. இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

படி 4: வருஷங்களைக் கூட்டுங்கள்

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது, கொஞ்சம் நீளமாகவே போவேன்.

2 இராஜாக்கள் 9-இல் யெகூ என்ற படைத்தலைவன் கலகம் செய்து, இஸ்ரவேலின் யோராமையும் யூதாவின் அகசியாவையும் ஒரே சமயத்தில் தீர்த்துக்கட்டுகிறான். நாடு பிளந்ததும் இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில், இங்கே முடிவதும் ஒரே சமயத்தில். அப்படியானால் இரண்டு பக்கத்தையும் கூட்டினால் ஒரே எண் வர வேண்டும், இல்லையா? கூட்டிப் பாருங்கள்.

இஸ்ரவேல்: யெரொபெயாம் 22, நாதாப் 2, பாஷா 24, ஏலா 2, சிம்ரி ஏழே நாள், உம்ரி 12, ஆகாப் 22, அகசியா 2, யோராம் 12. மொத்தம் 98.

யூதா: ரெகொபெயாம் 17, அபியாம் 3, ஆசா 41, யோசபாத் 25, யோராம் 8, அகசியா 1. மொத்தம் 95.

மூன்று வருஷம் இடிக்கிறது. முதல் தடவை நான் கூட்டலில்தான் தப்பு என்று நினைத்து மூன்று முறை திரும்பக் கூட்டினேன்.

தப்பு கூட்டலில் இல்லை, எண்ணும் முறையில் இருக்கிறது. ஒரு ராஜா வருஷத்தின் நடுவில் சாகிறான், மகன் ஏறுகிறான். அந்த வருஷம் யார் கணக்கில்? ஒரே மாசத்தில் பழைய குடித்தனக்காரர் காலி செய்து புதியவர் வந்தால், வீட்டுக்காரர் இரண்டு பேரிடமும் முழு மாச வாடகை வாங்கிவிடுவதைப்போல, வடக்கில் அந்த வருஷத்தை இருவர் கணக்கிலும் ஏற்றினார்கள். தெற்கிலோ முதலில் அப்படிச் செய்யவில்லை, புது வருஷம் பிறந்த பிறகுதான் மகனின் முதல் வருஷம். ஆனால் தெற்கில் வேறொரு சிக்கல். அப்பா உயிரோடு இருக்கும்போதே மகனும் சேர்ந்து ஆண்டால் அந்த வருஷங்கள் இரண்டு பேர் கணக்கிலும் வந்துவிடும். குஷ்டரோகம் பிடித்த அசரியா தனி வீட்டில் இருக்க, மகன் யோதாம் அரண்மனையை நடத்தினான் என்று 2 இராஜாக்கள் 15:5 வெளிப்படையாகவே சொல்கிறது. எட்வின் தீலே என்ற அமெரிக்க ஆய்வாளர் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வழியில்தான் முடிச்சுகளை அவிழ்த்தார். அவர் கணக்கில் நாடு பிளந்தது கி.மு. 931 வாக்கில். ஆல்பிரைட் என்ற இன்னொரு பெரிய ஆய்வாளர் 922 என்றார். இரண்டு எண்ணும் புத்தகங்களில் கண்ணில் படும், பதற வேண்டாம்.

சரி, இதெல்லாம் வசதிக்கு வளைத்த கணக்கா என்று கேட்டால், சோதிக்க ஒரு இடம் இருக்கிறது. அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசரின் கல்வெட்டுப்படி, கி.மு. 853-இல் கர்கார் என்ற இடத்தில் நடந்த போரில் இஸ்ரவேலின் ஆகாப் 2,000 ரதங்களோடு வந்து நிற்கிறான் (பைபிளில் இந்தப் போரைப் பற்றி மூச்சே இல்லை). அதே சல்மனாசருக்கு 841-இல் யெகூ கப்பம் கட்டுகிறான். இடையில் சரியாக 12 வருஷம். பைபிளில் ஆகாபுக்கும் யெகூவுக்கும் நடுவே ஆண்டது அகசியா 2, யோராம் 12, ஆக 14. வாடகைக் கணக்கின்படி ஆளுக்கு ஒரு வருஷம் கழியுங்கள். பன்னிரண்டு. இது என் நோட்டில் உட்கார்ந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

படி 5: நாளாகமத்தைப் பக்கத்தில் வையுங்கள்

ஒரே நிகழ்ச்சியை எடுத்து இரண்டு புத்தகத்திலும் விரல் வைத்துப் படியுங்கள். தாவீது மக்கள்தொகை எடுத்த கதை நல்ல பயிற்சி: 2 சாமுவேல் 24, 1 நாளாகமம் 21. முதல் வசனமே மாறும். சாமுவேலில் தாவீதை ஏவியது கர்த்தரின் கோபம், நாளாகமத்தில் சாத்தான். எண்ணிக்கை சாமுவேலில் இஸ்ரவேல் 8 லட்சம், யூதா 5 லட்சம். நாளாகமத்தில் 11 லட்சமும் 4 லட்சத்து 70 ஆயிரமும். கடைசியில் தாவீது பலிபீடம் கட்ட ஒருவனுடைய போரடிக்கிற களத்தை வாங்குகிறான். களத்துக்காரன் பெயர் ஒன்றில் அர்வனா, இன்னொன்றில் ஒர்னான். விலை ஒன்றில் 50 வெள்ளிச் சேக்கல் (சேக்கல் என்பது அந்தக்கால எடை அளவு), இன்னொன்றில் 600 பொன் சேக்கல்.

இதைப் பார்த்ததும் ஒரு கூட்டம் 'பார்த்தீர்களா, எல்லாம் பொய்' என்று கிளம்பும். இன்னொரு கூட்டம் 50 சேக்கல் களத்துக்கும் மாடுகளுக்கும், 600 சேக்கல் சுற்றியுள்ள நிலம் முழுவதற்கும் என்று ஒட்டுப்போடும். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தொடங்குகிறவர் கேட்க வேண்டியது வேறு: இவர் ஏன் இப்படிச் சொல்கிறார்? நாளாகமம் எழுதப்பட்டது சிறையிருப்பிலிருந்து திரும்பிய பிறகு. அவருக்கு அந்தக் களம் வெறும் களம் இல்லை, சாலொமோன் ஆலயம் கட்டிய இடம் அதுதான் என்று அவரே எழுதுகிறார். அதன் விலையும் ஏறித்தான் இருக்கும். அதே ஆள்தான், தாவீது அடுத்தவன் மனைவி பத்சேபாளை எடுத்துக்கொண்ட கதையை எழுதாமலே விட்டுவிடுகிறார்.

மனாசே இன்னும் சுவாரசியம். 55 வருஷம் ஆண்டவன். இராஜாக்களில் அவன் பாவத்தால்தான் யூதாவே அழிந்தது, மன்னிப்புக்கு இடமே இல்லை. நாளாகமத்தில் அசீரியர் அவனைச் சங்கிலி போட்டு பாபிலோனுக்கு இழுத்துப்போகிறார்கள், அங்கே கெஞ்சி ஜெபித்துத் திரும்பி வருகிறான். இவ்வளவு பொல்லாதவன் எப்படி 55 வருஷம் தாக்குப்பிடித்தான் என்ற கேள்வி அவரை உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம். அசீரியக் கல்வெட்டுகளில் மனாசே, கப்பம் கட்டும் ராஜாக்களின் பட்டியலில் ஒரு பெயராக வருகிறான்.

படி 6: மூன்றாவது கட்டம்

இங்கே கிடைப்பது கொஞ்சம்தான், ஆனால் கிடைத்தவை அருமையானவை. தாவீதின் பெயர் வரும் மிகப் பழைய கல் இன்றைய இஸ்ரேலின் வடக்கே உள்ள தேல் தானில் 1993-இல் கிடைத்தது. அது தாவீதின் காலத்துக்கு நூறு வருஷத்துக்கும் பிந்தையது, 'தாவீதின் வீடு' என்றுதான் இருக்கிறது, தாவீதே வெட்டிவைத்த கல் என்று யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த மயிலுக்கு எபிரெயத்தில் 'துக்கி' என்று இருப்பதால் அது நம் 'தோகை'தான் என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். கேட்க இனிக்கிறது, நானும் ஆசைப்படுகிறேன், ஆனால் அந்தச் சொல்லுக்கு மயில் என்பதுதான் பொருளா என்பதிலேயே வழக்கு தீரவில்லை. பென்சிலால் மட்டும் எழுதுங்கள்.

மூன்று கட்டமும் நிறைந்திருக்கும் ராஜா என்றால் எசேக்கியா. கி.மு. 701-இல் அசீரியாவின் சனகெரிப் படையெடுத்து வருகிறான். 2 இராஜாக்கள் 18-இல் எசேக்கியா 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுக்கிறான் (தாலந்து, சேக்கலைவிட மிகப் பெரிய எடை). 2 நாளாகமம் 32-இல் பணம் கொடுத்த பேச்சே இல்லை. சனகெரிப்பின் களிமண் பட்டகத்தில் பொன் அதே 30 தாலந்து, வெள்ளி 800. எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல எருசலேமில் அடைத்தேன் என்கிறான், ஆனால் நகரத்தைப் பிடித்தேன் என்று சொல்லவில்லை. பிடித்திருந்தால் சும்மா இருக்கிற ஆளா? யூதாவின் லாகீஸ் நகரத்தைப் பிடித்ததைத் தன் தலைநகர் நினிவேயின் அரண்மனைச் சுவர் முழுக்கச் செதுக்கி வைத்தவன்.

படி 7: மத்தேயுவைச் சரிபாருங்கள்

புதிய ஏற்பாட்டைத் திறந்ததும் மத்தேயு 1-இல் இதே ராஜாக்களின் வரிசை வரும். நோட்டை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். 'யோராம் உசியாவைப் பெற்றான்' என்ற இடத்தில் உங்கள் இடது பக்கத்தில் அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று பேர் நடுவில் இருப்பார்கள் (இந்த உசியாதான் மேலே பார்த்த குஷ்டரோகி அசரியா, ஒரே ஆளுக்கு இரண்டு பெயர்). மத்தேயுவுக்குப் பதினான்கு பதினான்காகத் தலைமுறை வர வேண்டும், அதற்காக விட்டுவிட்டார். யூதர்களின் நாளாகமமோ, எருசலேமுக்குப் போகிறவன் போகட்டும் என்ற பாரசீக ராஜா கோரேசின் அழைப்போடு முடிகிறது. அதே ராஜாக்கள்தான், ஒரு பட்டியல் இயேசுவிடம் போய்ச் சேருகிறது, ஒன்று எருசலேமுக்குத் திரும்பும் வழியில் போய் நிற்கிறது.

இராஜாக்கள் புத்தகம் முடிவது இன்னும் சின்ன இடத்தில். எருசலேம் எரிந்தாகிவிட்டது. பாபிலோனில் பல வருஷம் சிறையிலிருந்த யோயாக்கீனை வெளியே விட்டு, சிறை உடுப்பை மாற்றி, ராஜாவின் பந்தியில் உட்காரவைத்து, அன்றன்றைக்கு வேண்டிய படியைக் கொடுத்தார்கள் என்று கடைசி நான்கு வசனம். அதைப் படித்ததும் மூன்றாவது கட்டத்தில் இதை எழுதுங்கள்: பாபிலோனைத் தோண்டியபோது நேபுகாத்நேச்சார் அரண்மனையின் பண்டகசாலைக் கணக்குப் பலகைகள் கிடைத்தன. யாருக்கு எவ்வளவு எண்ணெய் அளந்து கொடுத்தோம் என்ற கணக்கு. அதில் யூதாவின் ராஜா யோயாக்கீனுக்கு எண்ணெய், அவனுடைய ஐந்து மகன்களுக்கு எண்ணெய் என்று இருக்கிறது.