பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பேட்டரியை அளந்து பாருங்கள்

மின்சார வண்டியைப் பற்றிய வாக்குவாதம் எங்கே தொடங்கினாலும் கடைசியில் பேட்டரியில்தான் வந்து நிற்கும். "மூணு வருஷத்துல பேட்டரி போயிடும், மாத்தப் போனா பாதி வண்டி விலை சொல்வான்" என்பார் ஒருவர். "எட்டு வருஷம் வாரண்டியே தர்றாங்களே" என்பார் அடுத்தவர். புது வண்டி வாங்குபவருக்கு இதில் பெரிய தலைவலி இல்லை, வாரண்டித் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதும். பழைய வண்டி வாங்குபவர் பாடு வேறு. ஒரே மாதத்தில் ஒரே ஷோரூமில் இருந்து வெளியே வந்த இரண்டு வண்டிகளில் ஒன்று புதிது போலவே ஓடும், மற்றொன்று பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். கிலோமீட்டர் ரீடிங்கை மட்டும் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். அதற்கு ஒரு வாட் மீட்டரும் விற்பவரின் சார்ஜரும் ஒரு நாள் பொழுதும் போதும்.

கிளம்பும் முன் பார்க்க வேண்டிய தாள்கள்

பதிவு எண்ணை அரசின் எம்பரிவாகன் செயலியில் போட்டால் பதிவுத் தேதி, வண்டி மேல் கடன் இருக்கிறதா என்பது, இன்சூரன்ஸ் முடியும் நாள் எல்லாம் தெரிந்துவிடும். பச்சை நம்பர் பிளேட்டில் வெள்ளை எழுத்து இருந்தால் சொந்த உபயோக வண்டி, மஞ்சள் எழுத்து இருந்தால் வாடகைக்கு ஓடியது. வாடகை வண்டி என்றாலே வேண்டாம் என்பதில்லை. ஆனால் தினமும் காலியாகும் வரை ஓடி, நிறைய சார்ஜ் ஏறிய பேட்டரி என்று வைத்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும். நம்பர் பிளேட்டே இல்லை, "இதுக்கு லைசென்ஸ் வேண்டாம்" என்று சொன்னால் அது மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் 250 வாட் மோட்டாருக்கும் உட்பட்ட வகை. அதற்கு ஆர்சி கிடையாது, எனவே பெயர் மாற்றமும் கிடையாது. திருட்டு வண்டியா இல்லையா என்று உறுதி செய்யவும் வழியில்லை. விட்டுவிடுங்கள்.

ஆர்சியில் உற்பத்தி மாதத்தைக் கவனியுங்கள். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் இருந்த ஸ்கூட்டர் தீப்பிடித்து தந்தையும் மகளும் இறந்தார்கள். அந்த ஆண்டு நாடு முழுக்க இப்படிப் பல வண்டிகள் எரிந்த பிறகுதான் ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதி இறுக்கப்பட்டது. ஒரு செல்லில் வெப்பம் கட்டுமீறிப் பக்கத்துச் செல்களுக்குப் பரவுவதைச் சோதிக்கும் இரண்டாம் கட்டம் 2023 மார்ச் 31 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் செய்த வண்டி எல்லாமே ஆபத்து என்று அர்த்தமில்லை. ஆனால் அதைப் படுக்கையறை ஓரத்திலோ, வீட்டுக்கு இருக்கும் ஒரே வாசல் பக்கத்திலோ சார்ஜ் போடும் நிலை உங்களுக்கு இருந்தால் 2023 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டியாகத் தேடுங்கள்.

அடுத்தது வாரண்டி. பேட்டரிக்குத் தனி சீரியல் நம்பர் உண்டு, இன்வாய்ஸில் இருப்பதும் பேட்டரியில் ஒட்டியிருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பரைச் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: வாரண்டி எந்தத் தேதி அல்லது எந்தக் கிலோமீட்டர் வரை, இரண்டாவது உரிமையாளருக்கு மாறுமா, புது பேட்டரி இன்று என்ன விலை. மூன்றாவது கேள்விக்கான பதில் பின்னால் கணக்குக்குத் தேவைப்படும். வாய்ப்பேச்சாகச் சொன்ன விலையை நம்ப வேண்டாம்.

அளக்கும் முறை

சார்ஜர் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் நடுவே செருகும் 16 ஆம்பியர் வாட் மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் வரும். எவ்வளவு யூனிட் ஏறியது என்பதைத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை காட்ட வேண்டும். வீட்டு இபி மீட்டரைப் பார்த்துக் கழித்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைப்பார்கள், ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஓடும் வீட்டில் அது ஒத்துவராது.

விற்பவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: வண்டி 20 விழுக்காட்டுக்கு இறங்கும் வரை ஓட்டி வையுங்கள், சார்ஜ் போட்டுவிட வேண்டாம் என்று. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போட்டால் சில வண்டிகள் சார்ஜிங் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், எனவே ஒரு மணி நேரம் ஆற விடுங்கள். திரையில் இருக்கும் விழுக்காட்டைப் படம் எடுத்துக்கொண்டு, மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சார்ஜ் போடுங்கள். சாதாரண 750 வாட் சார்ஜருக்கு நான்கு முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். திரை 100 காட்டியதும் எடுத்துவிடக் கூடாது. மீட்டரில் வாட் அளவு மளமளவென்று இறங்கி இருபது முப்பதுக்குள் வந்து நிற்கும் வரை விடுங்கள். அந்தக் கடைசி நேரத்தில்தான் பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கும் மின்னணு அமைப்பு, செல்களைச் சமன் செய்கிறது.

இனி கணக்கு. 20-இல் இருந்து 100 வரை ஏற மீட்டர் 2.40 யூனிட் காட்டியது என்று வைத்துக்கொள்வோம். சார்ஜரிலேயே பத்துப் பன்னிரண்டு விழுக்காடு சூடாகப் போய்விடும், எனவே 0.88-ஆல் பெருக்குங்கள். பேட்டரிக்குள் போனது 2.11 யூனிட். அது 80 விழுக்காட்டுக்கான அளவு. 0.80-ஆல் வகுத்தால் முழு பேட்டரியின் இன்றைய கொள்ளளவு 2.64 யூனிட். புதிதில் பயன்பாட்டுக்கு 3 யூனிட் இருந்த மாடல் என்றால் இப்போது மிச்சம் 88 விழுக்காடு.

இங்கே நிறையப் பேர் வழுக்குவது "புதிதில்" என்ற எண்ணில்தான். விளம்பரத்தில் போடுவது மொத்தக் கொள்ளளவு. பாதுகாப்புக்காக மேலேயும் கீழேயும் கொஞ்சம் பூட்டி வைத்துவிட்டு மீதியைத்தான் ஓட்டத் தருவார்கள். அந்தப் பயன்பாட்டு அளவைத் தேடி எடுத்து வகுக்காமல் விளம்பர எண்ணால் வகுத்தால் நல்ல பேட்டரியும் நோஞ்சானாகத் தெரியும். விற்பவர் மேல் அநியாயமாகச் சந்தேகம் வரும்.

இரண்டாவது தவறு, பாதியில் இருந்து அளப்பது. திரையில் காட்டும் விழுக்காடு ஒன்றிரண்டு முன்பின் இருக்கும். 80 விழுக்காடு ஏற்றி அளந்தால் அந்தப் பிழை இரண்டரை விழுக்காட்டுக்குள் அடங்கும். 70-இல் இருந்து 100 வரை, வெறும் 30 ஏற்றி அளந்தால் அதே பிழை ஏழு விழுக்காடாக ஊதிவிடும். ஏழு விழுக்காடு என்பது பேரத்தில் பல ஆயிரம் ரூபாய்.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி வண்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் வோல்டேஜ் 20-க்கும் 80-க்கும் இடையே கிட்டத்தட்ட அசையாது, பிஎம்எஸ் ஊகித்துத்தான் விழுக்காட்டைக் காட்டும். மாதக்கணக்கில் முழு சார்ஜே ஏற்றாமல் ஓட்டிய வண்டியில் அந்த ஊகம் தடம் மாறியிருக்கும். ஒருமுறை 100 வரை ஏற்றி, ஓட்டி இறக்கி, அதன் பிறகு அளந்தால்தான் எண்ணுக்கு மதிப்பு. இன்னொரு வகையான என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) பேட்டரியில் இந்தத் தொல்லை குறைவு.

சில கம்பெனிகளின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஹெல்த் அறிக்கை, அதாவது புதிதில் இருந்த கொள்ளளவில் எத்தனை விழுக்காடு மிச்சம் என்ற அறிக்கை, எடுத்துத் தருவார்கள். கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கும் அதுவும் ஐந்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போனால் நிம்மதி. பெரிதாக விலகினால் ஒருமுறை மீண்டும் அளந்து பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது

டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு 40–45 கிலோமீட்டர் வேகத்தில், 100-இல் இருந்து குறைந்தது 60 வரை, முடிந்தால் 30 வரை இறங்கும் அளவுக்கு ஓட்டுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 35 வாட்-அவர் செலவாவது வழக்கம். ஆயிரம் வாட்-அவர்தான் ஒரு யூனிட், அதாவது ஒரு யூனிட்டுக்கு முப்பது நாற்பது கிலோமீட்டர். விளம்பரத்தில் 150 கிலோமீட்டர் என்றிருப்பது ஐடிசி எனும் ஆய்வகச் சோதனையின் எண். ரோட்டில் 100–110 கிடைத்தால் அது பேட்டரியின் குறை அல்ல, எல்லா வண்டிக்கும் அப்படித்தான்.

எவ்வளவு தூரம் போனது என்பதைவிட விழுக்காடு எப்படி இறங்குகிறது என்பதைப் பாருங்கள். 48, 47, 46 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 38-க்கு விழுந்தால் ஒரு வரிசைச் செல்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் பலவீனமாகிவிட்டன என்று பொருள். கொள்ளளவுக் கணக்கு 90 காட்டினாலும் அந்த வண்டியை வாங்காதீர்கள். நல்ல செல்கள் எத்தனை இருந்தாலும் பலவீனமான வரிசை காலியானதும் பிஎம்எஸ் மொத்தத்தையும் நிறுத்திவிடும், நடுரோட்டில். மேம்பாலம் ஏறும்போது முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்து 30, 35 விழுக்காட்டில் இதைச் சோதிக்கலாம். 20-க்குக் கீழே வேகம் குறைவதை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டாம், பல மாடல்களில் வேண்டுமென்றே அப்படி வைத்திருப்பார்கள்.

முடிந்தால் இரவு முழுக்க நிறுத்திவைத்து மறுநாள் காலை பார்க்கச் சொல்லுங்கள். சிம் கார்டும் ப்ளூடூத்தும் விழித்திருப்பதால் ஒன்றிரண்டு குறையும். ஐந்துக்கு மேல் குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது.

பேட்டரி தவிர மீதியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கும் மாடலில் ஆட்டம் தெரிந்தால் பேரிங் வேலை, அதற்கு மோட்டாரைப் பிரிக்க வேண்டும். பெல்ட் வண்டி என்றால் விளிம்பில் நூல் பிரிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். சார்ஜர் பின்களில் கறுத்துப்போன பின் ஒன்று இருந்தாலும் சார்ஜர் விலையைக் கழித்துவிடுங்கள். தளர்ந்த சாக்கெட்டில் பல மாதம் மின்சாரம் பாய்ந்ததன் அடையாளம் அது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

சென்னை வண்டிக்கு இது தனிச் சோதனை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் நின்ற வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. ஐபி67 என்பது புது சீலோடு ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான சான்று மட்டுமே. இரண்டு நாள் சாக்கடை நீரில் நின்றதற்கு அது பொறுப்பல்ல. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியைக் கழற்றி, ஒயர் கனெக்டர்களில் பச்சைப் பூப்பு இருக்கிறதா, திருகுகளின் பள்ளத்தில் வண்டல் ஒட்டியிருக்கிறதா, உள்பக்கப் பிளாஸ்டிக்கில் நீர் நின்ற கோடு தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே வாட்டர் வாஷ் செய்துவிடுவார்கள், உள்ளே கை போகாத இடத்தில் சேறு மிச்சமிருக்கும். ஒரு அடையாளம் இருந்தாலும் அந்த வண்டியில் சார்ஜரைச் செருகி அளக்கக்கூட வேண்டாம்.

விலை பேசுவது

விற்பவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொல்வார். அந்தப் பில் உங்களுக்கு உதவாது. மின்சார வண்டிகளுக்கு மத்திய அரசு தந்த ஃபேம் மானியம் பேட்டரியின் ஒரு கிலோவாட்-அவருக்கு (ஒரு யூனிட்டுக்கு) 15,000 ரூபாயாக இருந்தது 2023 ஜூனில் 10,000 ஆனது, விலையில் 40 விழுக்காடு என்ற உச்சவரம்பும் 15 ஆகக் குறைந்தது. அதற்குச் சற்றுப் பின் வாங்கியவர் முன்னால் வாங்கியவரைவிடக் கூடுதலாகக் கொடுத்திருப்பார். பிறகு போட்டியில் புது வண்டி விலை இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இல் இருந்து 18 விழுக்காடானது, மின்சார வண்டிக்கு முன்பிருந்த 5 அப்படியே இருக்கிறது. இரண்டுக்குமான இடைவெளி சுருங்கியதால் பழைய மின்சார வண்டிக்குப் பேரம் பேச இடம் கூடியிருக்கிறது. எனவே இன்றைய புது வண்டியின் ஆன்ரோடு விலையில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டியை இரண்டாகப் பிரித்துக் கணக்கிடுங்கள். புது விலை 1,20,000, சர்வீஸ் சென்டர் எழுதித் தந்த பேட்டரி விலை 60,000 என்றால் மீதி 60,000 உடல். உடலுக்குச் சாதாரண ஸ்கூட்டர் போலத் தேய்மானம் போடுங்கள். மூன்று வருடத்துக்கு 45 விழுக்காடு கழித்தால் 33,000. பேட்டரிக்கு 70 விழுக்காடு ஹெல்த் வந்தால் மதிப்பு பூஜ்யம் என்று கொண்டு, மேலே மிச்சமிருப்பதை முப்பதால் வகுக்கிறோம். 88 என்றால் 18/30, அதாவது 60 விழுக்காடு, 36,000. மொத்தம் 69,000. இது கைக்கணக்குதான். வாரண்டி இன்னும் ஓடினால் கொஞ்சம் கூட்டலாம், அருகில் சர்வீஸ் சென்டர் மூடப்பட்டிருந்தால் தயங்காமல் குறைக்கலாம். ஹெல்த் 70-க்குக் கீழே இருந்து வாரண்டியும் உயிரோடு இருந்தால், விற்பவரையே கிளெய்ம் செய்து புது பேட்டரி வாங்கச் சொல்லிவிட்டு அப்புறம் பேசுங்கள். "நீங்க வாங்கிட்டு கிளெய்ம் பண்ணிக்கோங்க" என்பதற்குச் சம்மதிக்காதீர்கள்.

ஓட்டும் செலவைக் கணக்கிடும்போது ஒரு விஷயம். தினம் 30 கிலோமீட்டருக்குச் சாக்கெட்டில் ஒரு யூனிட் என்றால் தமிழ்நாட்டு இரண்டு மாத பில்லில் 60 யூனிட் கூடும். ஏற்கெனவே 460-இல் நிற்கும் வீடு 500-ஐத் தாண்டிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவதோடு 101–200 யூனிட்டுக்கான சலுகைக் கட்டணமும் கைவிட்டுப் போகும். அப்போதும் பெட்ரோலைவிட மலிவுதான், ஆனால் "கிலோமீட்டருக்குப் பதினைந்து பைசா" என்ற பேச்சு உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது.

பணம் கொடுக்கும் நாள்

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து, கடன் இருந்தால் வங்கியின் என்ஓசியும் ஆர்சியில் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-உம். இது எந்த வண்டிக்கும் உள்ளதுதான். மின்சார வண்டிக்குக் கூடுதலாகச் செயலிக் கணக்கு. பழைய உரிமையாளர் தன் கணக்கில் இருந்து வண்டியை விடுவிக்காவிட்டால் வண்டி எங்கே நிற்கிறது என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம், சில மாடல்களில் தூரத்தில் இருந்தே பூட்டவும் செய்யலாம். உங்களுக்கோ சாஃப்ட்வேர் அப்டேட்டும் சர்வீஸ் பதிவும் கிடைக்காது. விடுவிக்கும் கோரிக்கையை உங்கள் முன்னிலையில் போடச் சொல்லுங்கள். கம்பெனி சரிபார்க்கச் சில நாள் எடுத்துக்கொண்டால், விலையில் பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, உங்கள் எண்ணில் வண்டி ஏறியதும் தருவதாக விற்பனை ரசீதிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.