வடகிழக்குக்காரங்ககிட்ட பேசுறப்போ நாம சொதப்புற இடங்கள்

இப்பல்லாம் ஆபீஸ், பார்லர், ஹோட்டல்னு எங்க போனாலும் மணிப்பூர், மிசோரம், நாகாலாந்துக்காரங்க ஒருத்தராவது இருக்காங்க. அவங்ககிட்ட நம்மாளுங்க எடுத்தவுடனே கேக்குறது "நேபாளா, சைனாவா?" கேக்குறவருக்கு அது சும்மா ஒரு கேள்வி, ஆனா அவங்க நானும் இந்தியாதான்னு பாக்குறவன்கிட்டல்லாம் நிரூபிச்சுட்டே இருக்கணும்னா எவ்ளோ கடுப்பா இருக்கும். மூஞ்சிய, முடிய வச்சு பண்ற கிண்டல் எங்க போய் நிக்கும்னா, 2014ல டெல்லியில நிடோ தானியான்னு ஒரு அருணாச்சல் பையன், அவன் முடிய கிண்டல் பண்ணதுல ஆரம்பிச்ச தகராறுல அடிபட்டு செத்தே போனான். "எந்த ஊரு?"ன்னு கேளுங்க போதும், ஐஸ்வால்னு (மிசோரம் தலைநகர்) சொன்னா அது எந்த நாட்டுலன்னு மட்டும் கேட்டு வைக்காதீங்க.

அடுத்தது இந்தி. நமக்கே வராத இந்திய அவங்ககிட்ட போய் உடைச்சு உடைச்சு பேசுவோம். நாகாலாந்துல ஆட்சி மொழியே இங்கிலீஷ்தான், மிசோரம்ல மிசோ, நிறைய பேருக்கு இந்தி நம்ம அளவுக்குத்தான் வரும். இதுல காமெடி என்னன்னா, இங்க வந்து கொஞ்ச வருஷம் ஆனவங்க "என்னண்ணா வேணும்"னு தமிழ்லயே கேப்பாங்க, நம்மாளு "ஏக் சாய்"ம்பாரு.

சாப்பிடுற எடத்துல நாய்க்கறி கேள்வி வேண்டவே வேண்டாம். சில நாகா சமூகங்கள்ல அது உண்டு, அதுக்காக எட்டு மாநிலத்துக்கும் சேத்து ஒருத்தர்கிட்ட விசாரிப்பீங்களா? மணிப்பூரோட பெரிய சமூகமான மெய்தெய்ல நிறைய பேர் வைஷ்ணவங்க, பழைய ஆளுங்க வீட்ல கறியே ஏறாது, மீன் மட்டும்தான். டெல்லியில நம்மள "மதராசி, தினம் இட்லி சாம்பாரா"ன்னா கோவம் வருதுல்ல, அதேதான் இதுவும்.

லால்ரின்மாவியா மாதிரி பேரையும் இஷ்டத்துக்கு வெட்டி "லாலு"ன்னு ஆக்காதீங்க, எப்படி கூப்பிடணும்னு அவங்ககிட்டயே கேளுங்க.

முக்கியமானது, மணிப்பூர்க்காரங்ககிட்ட "நீ மெய்தெயா குக்கியா, யார் மேல தப்பு?"ன்னு கேக்குறது. இந்த ரெண்டு சமூகத்துக்கும் நடுவுல 2023 மே மாசம் ஆரம்பிச்ச கலவரத்துல இருநூறு பேருக்கு மேல செத்துருக்காங்க, ஆயிரக்கணக்கான குடும்பம் வீட்ட விட்டு முகாமுக்குப் போச்சு, உங்க எதிர்ல உக்காந்து சாப்பிடுறவங்க வீடும் அதுல ஒண்ணா இருக்கலாம். நியூஸ்ல பாத்தத வச்சு தீர்ப்பு சொல்லாதீங்க, ரெண்டு பக்கத்து ஆளும் ஒரே டீம்ல இருந்தா அவங்கள பேச வச்சு சமாதானம் பண்றேன்னும் கிளம்பாதீங்க (இப்படி ஒரு மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் இருப்பாரு). வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்கன்னு தனியா ஒரு வார்த்தை கேளுங்க, அவங்களா சொன்னா குறுக்க பேசாம கேட்டுக்கோங்க, ஊருக்குப் போக லீவு கேட்டா எதுக்கு இத்தனை நாள்னு நோண்டாம குடுங்க.