ஸ்குவாஷ் ராக்கெட் வாங்கும்போது எடையை மட்டும் பார்க்காதீர்கள்

ராக்கெட் வாங்கப் போகும் என் மாணவர்கள் எல்லோரும் "எத்தனை கிராம் எடுக்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "தலை கனமா, பிடி கனமா?" ஸ்குவாஷ் கற்றுக்கொடுப்பதோடு ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங்கும் போட்டுத் தருகிறேன். விதவிதமான ராக்கெட்டுகள் கைக்கு வந்து போவதில் உறுதியாகத் தெரிந்த விஷயம் இது: ஒரே எடை அச்சடித்த இரண்டு ராக்கெட்டுகள் கையில் ஒரே மாதிரி இருப்பதில்லை.

முதல் காரணம், அந்த எண்ணே முழு எடை கிடையாது. 120 கிராம் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது வெறும் ஃபிரேமின் எடை. ஸ்ட்ரிங், கிரிப், தலையைச் சுற்றியுள்ள பம்பர் எல்லாம் சேர்ந்தால் சுமார் 30 கிராமாவது கூடும். முடிந்தால் தராசில் வைத்தே பாருங்கள்.

இரண்டாவது காரணம் பேலன்ஸ். இதைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். முழு அளவு ராக்கெட்டின் நீளம் அதிகபட்சம் 68.6 செ.மீ. பிடியின் அடியிலிருந்து 34.3 செ.மீ.யில், அதாவது சரிபாதியில், ஒரு விரலை வைத்து ராக்கெட்டைத் தாங்கிப் பாருங்கள். தலைப்பக்கம் சாய்ந்தால் தலை கனம், பிடிப்பக்கம் சாய்ந்தால் பிடி கனம். சுத்தியலை நுனியில் பிடித்து அடிப்பதற்கும் தலையை ஒட்டிப் பிடித்து அடிப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! அதே கணக்குதான் இங்கேயும். தலை கனமானது பின்சுவரிலிருந்து பந்தை முன்சுவர் வரை எளிதாகத் தள்ளிவிடும். பிடி கனமானது வாலிக்கு, அதாவது பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் அடிக்கு, சட்டென்று திரும்பும். ஆனால் வேகத்தை உங்கள் கைதான் கொடுக்க வேண்டும்.

கடையில் கண்ணாடி முன்னால் நின்று சும்மா வீசிப் பார்த்தால் போதாது. ஆட்டத்தில் நிற்பது போல மணிக்கட்டை மடக்கி, ராக்கெட் தலையை உயர்த்திப் பிடித்து, பேக்ஹேண்ட் வாலி வீச்சை விடாமல் சில நிமிடங்கள் செய்யுங்கள். தலை தானாகக் கீழே தொங்க ஆரம்பித்தால் அந்த ராக்கெட் உங்களுக்கு வேண்டாம், எத்தனை கிராம் என்று போட்டிருந்தாலும் சரி.

பேட்மிண்டனிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்பது, தொண்ணூறு கிராம் ராக்கெட்டுக்குப் பழகிய கை, இருப்பதிலேயே லேசானதைத்தான் தேடும். 110 கிராம் ஃபிரேமைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் ஸ்குவாஷ் பந்து 24 கிராம். ஆட்டத்தில் சூடாகும் வரை துள்ளவும் மறுக்கும். அதை லேசான ராக்கெட்டால் நன்றாக அடிக்க முழு வீச்சும் சரியான நேரமும் கைவந்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் 130 முதல் 145 கிராம் ஃபிரேம், தலைப்பக்கம் லேசாகச் சாயும் பேலன்ஸ். என் மாணவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டென்னிஸ் ஆடி வந்தவர்களுக்கு இந்த எச்சரிக்கையே தேவைப்படாது. எல்லாமே லேசாகத்தான் தெரியும்.

தலை வடிவம் இரண்டு வகை. கழுத்தில் குறுக்குப் பாலம் இல்லாமல் நீள ஸ்ட்ரிங்குகள் கழுத்து வரை இறங்கினால் அது கண்ணீர்த்துளி வடிவம்: வேகம் கூடுதல், பந்து சற்றுத் தள்ளிப் பட்டாலும் மன்னிக்கும். பாலம் உள்ளதில் பந்தை நினைத்த இடத்தில் வைப்பது எளிது. புதியவர்களுக்கு முதல் வகையே நல்லது என்பேன். கிராஃபைட்டா அலுமினியமா என்று யோசிக்கவே வேண்டாம், கிராஃபைட். அலுமினியத்தின் அதிர்வு முழங்கை வரை ஏறும்.

இனி ஸ்ட்ரிங். பல ராக்கெட்டுகளில் தொழிற்சாலையில் போட்டு வருவது சுமார் ரகம். ராக்கெட் பிடிக்கவில்லை என்று வருகிறவர்களுக்குப் பலமுறை ஸ்ட்ரிங்கை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதே ஃபிரேமை மகிழ்ச்சியோடு ஆடுகிறார்கள். அதனால் கையிலுள்ள பணம் முழுவதையும் ஃபிரேமில் போட்டுவிடாமல் நல்ல ஸ்ட்ரிங்குக்குக் கொஞ்சம் ஒதுக்குங்கள். டெக்னிஃபைபர் 305, ஆஷவே சூப்பர்நிக் இரண்டும் நம்பிப் போடக்கூடியவை. ஸ்ட்ரிங்கை எத்தனை பவுண்டு இறுக்கத்தில் இழுக்கலாம் என்பது ஃபிரேமிலேயே இருக்கும். அதில் கீழ்ப்பாதியில் போடச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் பந்து வேகமாகப் போகும், இறுக்கினால் கட்டுப்பாடு கூடும். அறுந்தால்தான் மாற்றுவேன் என்று இருக்காதீர்கள். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறீர்களோ, வருடத்தில் அத்தனை முறை மாற்றுவது நல்ல கணக்கு.

கிரிப்பின் தடிமனைப் பற்றிக் கவலை வேண்டாம், மெல்லியதாக இருந்தால் மேலே ஓவர்கிரிப் என்ற பட்டையைச் சுற்றிக்கொள்ளலாம். சிறு பிள்ளைகளுக்கு நீளம் குறைந்த ராக்கெட்டே கொடுங்கள். பெரியவர்களுடையதைப் பிடித்துப் பழகினால் வீச்சே கோணலாகிவிடும்.

பழைய ராக்கெட் வாங்குவதில் தவறே இல்லை, பார்த்து வாங்கினால். சுவரில் அடிபடாத ஸ்குவாஷ் ராக்கெட் கிடையாது, அதனால் பம்பர் தேய்ந்திருப்பது குறையல்ல. ராக்கெட் தலையைக் கடிகாரமாக நினைத்தால் பத்தும் இரண்டும் இருக்கும் இடங்களிலும் கழுத்திலும் நகத்தால் தடவுங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் தட்டுப்படும். விரல் முட்டியால் ஃபிரேமைச் சுற்றித் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மங்கினாலோ கரகரத்தாலோ வாங்காதீர்கள். ஸ்ட்ரிங் போட இழுக்கும்போது முதலில் உடைவது அந்த இடம்தான்.