நண்பர்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போகும் முன்

சென்னையிலிருந்து நண்பர்கள் சனி, ஞாயிறு தங்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் நம் கொங்குக்காரர்கள் ஒரு பட்டியல் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை ஊட்டி, இருட்டுவதற்குள் மருதமலை, ஞாயிறு வால்பாறை, திரும்பும் வழியில் ஆழியாறு, நேரம் இருந்தால் பழனி. நேரம் எங்கே இருக்கப் போகிறது? ஆழியாற்றிலிருந்து வால்பாறை ஏறுவதற்கே 40 கொண்டை ஊசி வளைவுகள். பழக்கம் இல்லாதவர்களுக்குப் பாதி வழியிலேயே தலை சுற்றி, மீதிப் பாதி ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டுதான் போகும். மலைதான் வேண்டும் என்றால் ஒரு நாளை முழுதாக மலைக்கு விட்டுவிடுங்கள். இல்லை, காரை நிறுத்திவிட்டுத் தோட்டத்திலேயே இருங்கள். நான் இரண்டாவது கட்சி.

ரயில் டிக்கெட் விஷயத்தில் ஒரு பழக்க தோஷம் உண்டு. தோட்டம் காங்கேயம் பக்கம் இருக்கும், நண்பர்களிடம் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுக்கச் சொல்லியிருப்போம். சென்னையிலிருந்து வரும் சேரன், நீலகிரி எக்ஸ்பிரஸ் ரயில்கள் ஈரோட்டிலும் திருப்பூரிலும் நின்றுதான் வருகின்றன. திருப்பூரில் இறங்கினால் காங்கேயம் கூப்பிடு தூரம். கோபி, அந்தியூர் பக்கம் என்றால் ஈரோடு. பொள்ளாச்சி, உடுமலைக்கு மட்டும் கோவை வரை வரட்டும்.

பெரிய தவறு இதற்கு அப்புறம்தான் வருகிறது. சொந்தத் தோட்டத்தை ரிசார்ட் மாதிரியும், அங்கே இருக்கும் ஆத்தாவையும் அப்பாவையும் அதன் சிப்பந்திகள் மாதிரியும் நினைத்துக்கொள்வது. வெள்ளிக்கிழமை ராத்திரி போன் போட்டு "நாளைக்கு ஆறு பேர் வர்றோம்" என்றால் அங்கே என்ன நடக்கும் தெரியுமா? அந்த நேரத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டும், தெரிந்த வீட்டில் நாட்டுக்கோழி சொல்ல வேண்டும், பாய் தலையணை தூசி தட்ட வேண்டும். "ஏன் கண்ணு, ஒறம்பரை (விருந்தாளி) வர்றதை ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று கேட்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் சங்கடம். நான்கைந்து நாள் முன்பே சொல்லுங்கள். எத்தனை பேர், யார் கறி சாப்பிட மாட்டார்கள், எப்போது கிளம்புவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போகும்போது மளிகையை நீங்களே வாங்கிப் போங்கள். பாத்திரம் கழுவ வரும் அம்மாவுக்கு அந்த இரண்டு நாளுக்குத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டிலும் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். சிலர் விருந்தாளிக்கு மரியாதை என்று டவுனிலிருந்து பரோட்டாவும் பிரியாணியும் வாங்கி வருவார்கள். இன்னும் சிலர் களி, கம்மஞ்சோறு, கொள்ளுப் பருப்பு என்று மூன்று வேளையும் மண்வாசனை காட்டியே ஆளைச் சாய்த்துவிடுவார்கள். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதமும் நெய்யும் போதும். காலையில் சந்தகை, அதாவது அரிசிச் சேவை, போடுங்கள். ஆனால் அதை அடுப்படியில் மறைவாகச் செய்து தட்டில் கொண்டுவந்து நீட்டாதீர்கள். ஊறவைத்த புழுங்கல் அரிசியை அரைத்து, புளிக்க விடாமல் இட்லியாக அவித்து, ஆவி பறக்கும்போதே சந்தகை மரம் எனும் பிழியும் கருவியில் போட்டுப் பிழிய வேண்டும். கொஞ்சம் ஆறினாலும் இறுகிவிடும், அப்புறம் பிழிகிறவர் தோள் கழன்றுவிடும். ஒருவர் இட்லியை எடுத்துப் போட, ஒருவர் அழுத்த, கீழே ஒருவர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க, வந்த நண்பர்கள் எல்லாருக்கும் வேலை இருக்கும். ஒரு பங்கு எலுமிச்சை தாளித்து, மறு பங்குக்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். கைவலிக்க வலிக்கப் பிழிந்தவர்கள்தான் இரண்டு தட்டு கூடுதலாகச் சாப்பிடுவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ஊர்ப் பையன்கள் கிணற்றில் குதிப்பதைப் பார்த்ததும் நீச்சல் குளத்தில் பழகியவருக்கும் கை துறுதுறுக்கும். நம் கிணறுகள் எழுபது, எண்பது அடி ஆழம். பாறையை வெட்டி இறக்கியவை. எந்தப் பக்கம் பாறை நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது அங்கேயே வளர்ந்தவனுக்குத்தான் தெரியும். வாய்க்கால் இன்னும் மோசம். கீழ்பவானியில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறப்பார்கள். மேலே பார்க்க அமைதியாக ஓடும், இறங்கினால் காலை இழுக்கும். சிமெண்ட் போட்ட இடங்களில் கரை பாசி பிடித்திருக்கும், ஏறப் பிடிமானமே கிடைக்காது. ஆழியாற்றிலும் அணையிலிருந்து தண்ணீர் விட்டால் ஆற்றில் மட்டம் ஏறிவிடும். கொடிவேரியில் குளிக்கலாம், ஆனால் பவானிசாகரிலிருந்து அதிகம் திறந்திருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள், கிளம்பும் முன் விசாரித்துவிடுங்கள். எதுவும் வேண்டாம் என்றால் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொட்டியில் இறங்குங்கள். குழாயிலிருந்து தலையில் கொட்டும் தண்ணீருக்கு ஈடாக ஒரு அருவியும் கிடையாது. ஈரக் கையோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட யாரையும் விடாதீர்கள், அவ்வளவுதான்.

மலைக்குப் போவதானால் தாள் வேலை கொஞ்சம் இருக்கிறது. ஊட்டிக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேண்டும், வால்பாறைக்கும் 2025 நவம்பரிலிருந்து வந்துவிட்டது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறுகிறவர்கள் 27 வளைவுகளை மட்டும் கணக்குப் பண்ணாமல் மணியையும் பார்க்க வேண்டும். பண்ணாரியிலிருந்து மேலே புலிகள் காப்பகம், இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகளை விடுவதில்லை. மலை மேலே ஆசனூரில் சாவகாசமாக டீ குடித்துவிட்டு இறங்கலாம் என்று உட்கார்ந்தால் அங்கேயே விடிந்துவிடும்.

காங்கேயம் பக்கம் கொறங்காட்டுக்குள், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்குள், கூட்டிப் போனால் படலை (வேலிக் கதவை) திறந்தவர் மூடிவிட்டு வர வேண்டும். கிளுவை வேலி எவ்வளவு அடர்த்தியாக இருந்தாலும் படல் திறந்து கிடந்தால் செம்மறி ஆடு அத்தனையும் இட்டேரிக்கு, வேலிகளுக்கு நடுவே போகும் வண்டிப் பாதைக்கு, வந்துவிடும். சாயங்காலம் அதை ஓட்டிச் சேர்ப்பது உங்கள் வேலை ஆகாது, பாவம் ஆடு மேய்க்கும் பெரியவருடைய வேலை ஆகும். காளையோடு செல்ஃபி எடுக்கிறவர்களும் மாட்டுக்காரர் பக்கத்தில் இருக்கும்போது எடுக்கட்டும். காங்கேயம் காளை புது ஆளைக் கண்டால் சும்மா நிற்காது.

தென்னந்தோப்பைப் பார்த்ததும் யாராவது ஒருவர் கள் கேட்பார். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. உரிமம் பெற்று இறக்கும் நீரா, அதாவது புளிக்காத தென்னம்பாளைச் சாறு, விற்பார்கள், அதை வாங்கிக் கொடுங்கள். இளநீர் வெட்டச் சொன்னால் மரம் ஏறுகிறவருக்குக் கூலி கொடுப்பதும் உங்கள் பொறுப்பு. ராத்திரி வாசலில் கட்டில் போட்டுப் படுப்பது சுகம்தான், ஆனால் இறங்கி நடக்கும்போது டார்ச் இல்லாமல் கால் வைக்க வேண்டாம். ஆனி, ஆடியில் அந்த ஆசையும் நடக்காது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று போர்வையையே பிடுங்கிக்கொண்டு போகும். அழைப்பதானால் மார்கழி, தையில் அழைக்கலாம்.

கிளம்பும்போது ஊத்துக்குளி வெண்ணெயை வாங்கிக் கொடுத்து அனுப்பாதீர்கள், அரக்கோணம் தாண்டுவதற்குள் பை முழுக்க எண்ணெய் ஆகிவிடும். நெய்யாக உருக்கிக் கொடுங்கள், இல்லையென்றால் ஒரு சென்னிமலைப் போர்வை. ஞாயிற்றுக்கிழமை இரவு சென்னை ரயில்களில் இடம் கிடைப்பது பெரும்பாடு. முன்பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடுகிறது. வருவதற்கு டிக்கெட் போடும்போதே போவதற்கும் போடச் சொல்லிவிடுங்கள்.