மொட்டை மாடியிலிருந்து குருவின் நிலாக்களைப் பார்ப்பது எப்படி?

ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கும்பகோணம் பக்கம் வானத்தை நம்பவே முடியாது. அடைமழை ஓய்ந்து மார்கழி பிறந்தால்தான் மேகம் விலகும். அதிலும் நள்ளிரவு தாண்டினால் வயலிலிருந்து பனி மூட்டம் ஏறிவிடும். என் கணக்கில் இரவு ஏழரை முதல் ஒன்பதரை வரைதான் நல்ல நேரம்.

இந்த 2026 தை மாதம் மாலையில் வெறுங்கண்ணுக்கு நன்றாகத் தெரிபவை இரண்டு கிரகங்கள்: குரு (வியாழன்), சனி. சுக்கிரனும் செவ்வாயும் சூரிய வெளிச்சத்தில் மறைந்துவிட்டன. அவர்களைப் பார்க்க இப்போதைக்கு அவர்களுடைய நவக்கிரகத் தலங்களான கஞ்சனூருக்கும் வைத்தீஸ்வரன்கோவிலுக்கும்தான் போக வேண்டும்.

குரு ஜனவரி 10 அன்று சூரியனுக்கு நேர் எதிரே வந்தது. அதனால் பொழுது சாயும்போதே கிழக்கில், சற்று வடக்குப் பக்கமாக ஏறிவிடுகிறது. அந்தத் திசையில் சிமிட்டாமல் எரிகிற பெரிய வெளிச்சம்தான் அது. பக்கத்தில் புனர்பூசத்தின் இரட்டை நட்சத்திரங்கள் இருக்கும். தென்கிழக்கில் நீலமும் வெள்ளையுமாக மினுக்குவது சிரியஸ், வெறும் நட்சத்திரம். நான் முதல் இரண்டு இரவும் அதையே குரு என்று நினைத்து அதன் நிலாக்களைத் தேடிக்கொண்டிருந்தேன். நம் நிலா போகும் பாதையை ஒட்டியேதான் கிரகங்களும் இருக்கும். சிரியஸ் அதைவிட்டு வெகுதூரம் தெற்கே கிடக்கிறது. இது தெரிந்திருந்தால் அந்த இரண்டு இரவு மிச்சம்.

கருவிக்கு ஒரு 10×50 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 50 மி.மீ. அகலம்) போதும். ‘500 மடங்கு பெரிதாக்கும்’ என்று பெட்டியில் போட்டிருந்த டெலஸ்கோப் ஒன்றை வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன், அந்தப் பக்கமே போகாதீர்கள். செல்போனில் வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் ஆப் நல்லதுதான். ஆனால் போனின் திசைகாட்டி அடிக்கடி தடம் மாறும், கண்ணைத்தான் முதலில் நம்ப வேண்டும்.

இனி என்னைப் படுத்திய விஷயம், ஃபோகஸ். நடுச்சக்கரத்தை மட்டும் திருகித் திருகிப் பார்த்தேன். குரு எப்போதும் மயிர் முளைத்த எலுமிச்சம்பழம் மாதிரியே தெரிந்தது. வலது கண் வைக்கும் குழாயில் தனியாக ஒரு வளையம் இருப்பது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. நம் இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருக்காது, அதைச் சரிக்கட்டத்தான் அந்த வளையம். வலப்பக்க முன் லென்ஸை மூடிவிட்டு, ஏதாவது ஒரு நட்சத்திரத்தை இடது கண்ணால் பாருங்கள். அது ஊசி முனையளவு ஆகும்வரை நடுச்சக்கரத்தைத் திருகுங்கள். அப்புறம் மூடியை இடப்பக்கம் மாற்றி, சக்கரத்தைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருகி அதே நட்சத்திரத்தைக் கூர்மையாக்குங்கள். இதைக் குருவை வைத்துச் செய்யாதீர்கள், அதன் பளபளப்பு ஏமாற்றிவிடும். கண்ணாடி போட்டிருந்தால் ரப்பர் விளிம்பை மடக்கிக்கொள்ளுங்கள்.

சரி, இப்போது குருவுக்குத் திரும்புங்கள். கை நடுங்கினால் நிலாக்கள் கரைந்துபோகும். கைப்பிடிச் சுவரில் ஒரு தலையணையைப் போட்டு முழங்கையை ஊன்றிக்கொண்டு, மூச்சை லேசாகப் பிடியுங்கள். குருவின் இரு பக்கமும் ஒரே கோட்டில் நாலு பொடிப் புள்ளிகள்: அயோ, யூரோப்பா, கேனிமீட், கலிஸ்டோ. 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நாலு. அம்மா பார்த்துவிட்டு, குரு தலமான ஆலங்குடியில் தட்சிணாமூர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் நாலு முனிவர்களை நினைத்து, “ஆலங்குடியில தட்சிணாமூர்த்தி காலடியிலயும் நாலு பேர்தானேடா” என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நேரம் ஆக ஆகக் குரு உச்சந்தலைக்கு ஏறிவிடும், கழுத்து விட்டுப்போகும். அப்போது கயிற்றுக் கட்டிலில் மல்லாந்துவிடுவதே சுகம். சனி மேற்கே இருக்கிறது, பத்து மணி சுமாருக்கு இறங்கிவிடும். வளையம் பைனாகுலரில் தெரியாது, மஞ்சள் புள்ளியாகப் பார்த்துவிட்டு நகருங்கள்.

பின்சேர்க்கை: மூன்று புள்ளிதான் தெரிகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கண்ணில் கோளாறு இல்லை. ஒரு நிலா குருவுக்கு முன்னாலோ பின்னாலோ போயிருக்கும், இல்லை அதன் ஒளியோடு ஒட்டியிருக்கும். ஓரிரு மணி நேரம் கழித்தோ மறுநாளோ பாருங்கள். அயோ 1.8 நாளில் ஒரு சுற்று முடித்துவிடும்.

இன்னொருவருக்கு அரை மணியில் எல்லாமே மங்கிவிட்டதாம். அது லென்ஸில் இறங்கிய பனி. துண்டால் தேய்க்க வேண்டாம், கீறல் விழும். வீட்டுக்குள் கொண்டுபோய் மூடி போடாமல் மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். ஈரத்தோடு பெட்டியில் போட்டால் பூஞ்சை பிடித்துவிடும், எனக்குப் பிடித்தது.