சொல்லுக்கு முன் சுவரை வரையாதீர்கள்

வடிவமைப்பு, அருங்காட்சியகப் பணி, எழுத்து, கற்பித்தல் ஆகிய நான்கையும் சேர்த்துப் பிழைக்க விரும்பும் இளைஞர்கள் மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் என்னிடம் கேட்பது, எதில் தொடங்குவது என்பதுதான். எழுத்தில் தொடங்குங்கள். கண்காட்சிப் பலகையை அழகாக வரைந்து முடித்து, மிஞ்சிய இடத்தில் சொற்களை அடைப்பதே நான் அதிகம் காணும் தவறு. நானும் செய்திருக்கிறேன். ஆங்கிலத்துக்கு அளந்த கட்டத்தில் தமிழ் அடங்காது. நம் சொற்கள் நீளமானவை. எழுத்தின் மேலே வரும் கொக்கியும் கீழே வரும் சுழியும் இடம் கேட்கும். எழுத்தைச் சிறிதாக்கி நுழைத்தால், பேரனைக் கூட்டிக்கொண்டு பார்க்க வந்த பாட்டி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அச்சுக்குப் போகும் கோப்பில் 'கொ' உடைந்து கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்பதும் உண்டு. திரையை நம்பாதீர்கள். மாதிரிப் படியைத் தமிழ் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்கட்டும்.

மொழிகளின் வரிசையை அலங்காரம் என்று நினைப்பது பெரிய தவறு. நம் மொரீஷியஸ் ரூபாய் நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழ், 1998இல் வந்த புதிய நோட்டுகளில் இந்திக்குக் கீழே இறங்கியது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. பழைய வரிசையே மீண்டும் வந்தது. பெயர்ப்பலகையை வடிவமைப்பவர் எவரும் இதை மறக்கக் கூடாது.

இங்குள்ள தமிழர் கதையை, இந்திய ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கிய 1834இல் தொடங்குவது இன்னொரு பிழை. அந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையான அப்பிரவாசி காட் 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னமானதிலிருந்து, அதன் பதினாறு படிகளிலேயே நம் வரலாறு பிறந்ததுபோல் பலர் எழுதுகிறார்கள். ஒப்பந்தக் கூலிகளுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் இந்த நகரத்தைக் கட்ட வந்துவிட்டார்கள். அவர்களை விட்டுவிட்டு வைக்கும் கண்காட்சி, எத்தனை அழகாக இருந்தாலும், அரைக் கண்காட்சிதான்.

ஊதியம், திருத்தங்களின் எண்ணிக்கை, கோப்புகள் யாருக்குச் சொந்தம் என்பவற்றை முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'நம் சமூகத்துக்குத்தானே' என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள்.

பெயர்களில்தான் நம் கை அதிகம் நடுங்க வேண்டும். ஆவணத்தில் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயரை நாமாகத் திருத்திவிடக் கூடாது. அந்த வடிவத்தில்தான் குடும்பம் இன்றும் கையெழுத்திடுகிறது. பதிவில் உள்ளதையும் தமிழ் வடிவத்தையும் அருகருகே வையுங்கள். வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசி, பள்ளியில் தமிழ் கற்கும் பிள்ளைகளுக்கு ஐந்தாறு சொற்களில் முடியும் வாக்கியங்களே எட்டும். வகுப்பில் ஒரு மாணவி தன் குடும்பப் பெயரான ஆர்மூகத்துக்குப் பக்கத்தில் 'ஆறுமுகம்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு, தாத்தாவிடம் காட்ட வேண்டும் என்று ஒரு தாள் கேட்டாள்.