எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்க

தம்பி, ராமேசுவரத்தில் படகு எடுக்குமுன் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லைக் கோட்டின் புள்ளிகளை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்று. கச்சத்தீவுக்கு மேற்கே ஏறக்குறைய ஒரு மைலில் அது போகிறது. எச்சரிக்கை ஒலியைக் கோட்டின் மேலேயே வைக்காதே. இரண்டு கடல் மைல் முன்பே ஒலிக்கட்டும். வலை கிடக்கும்போது படகைச் சட்டென்று திருப்ப முடியாது. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் இன்னும் தள்ளி வை. எஞ்சின் நின்றால் காற்றே உன்னைக் கிழக்கே கொண்டுபோய்விடும். பிடிபட்டால் படகு மீள்வது அரிது, அது எனக்கு வயிற்றெரிச்சல்.

எஞ்சின் நின்றால் உடனே நங்கூரம் இறக்கு. பாக் விரிகுடா ஆழமற்றது, கயிறு எட்டும். பிறகு வி.எச்.எஃப். ரேடியோவின் 16ஆம் சேனலில் இருக்குமிடத்தைச் சொல். கரையிலிருப்பவர்கள் 1554இல் கடலோரக் காவல்படையை அழைக்கட்டும். அடையாள அட்டையும் படகுப் பதிவுச் சான்றும் நனையாத உறையில் இருக்க வேண்டும்.